ரோட்டை வெட்டுவதற்கு முன் ரேடார் ஓட்டும் முறை

சென்னைத் தெருக்களில் 11 வருஷமாக ரேடார் வண்டி தள்ளுகிறேன். மண்ணுக்குள் அலை அனுப்பி, புதைந்திருக்கும் குழாயையும் கேபிளையும் திரையில் காட்டும் வண்டி அது. வண்டியை இறக்குவதற்கு முன்னால் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். மேன்ஹோல் மூடி, வால்வு குழி, இ.பி. பில்லர் பாக்ஸ், தார் ஒட்டுப்போட்ட தடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேன்ஹோலுக்குள் யாரையும் இறக்காதீர்கள், விஷவாயு உயிரை எடுத்துவிடும். மேலிருந்தே டார்ச் அடித்து, குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும்.

அடுத்து ஆழக் கணக்கு. அலை போய்த் திரும்பும் நேரத்தைத்தான் ரேடார் அளக்கிறது, ஆழத்தை அல்ல. 20 நானோ செகண்டில் திரும்பினால், காய்ந்த மணலில் ஒன்றரை மீட்டர். ஈரக் களிமண்ணில் 60 சென்டிமீட்டர்தான். அதனால் வால்வு குழிக்குள் தெரியும் குழாயின் முதுகுவரை டேப் பிடித்து அளந்து, அதே குழாய்மேல் வண்டியை ஓட்டி, திரையிலும் அதே ஆழம் வரும்வரை ரேடாரில் வைத்திருக்கும் அலை வேகத்தைத் திருத்துங்கள். பெசன்ட் நகர் மணலுக்கு வைத்த எண் வேளச்சேரிக் களிமண்ணுக்கு உதவாது. மழை பெய்து ஊறிய களிமண்ணில் ஒரு மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அங்கே "கீழே எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

குழாயைக் குறுக்கே கடந்தால் திரையில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு வளைவு வரும். குழாயோடு சேர்ந்தே நீளவாக்கில் போனால் வெறும் படுக்கைக்கோடுதான், மண் அடுக்கு என்று நினைத்துவிடுவோம். ஆரம்ப காலத்தில் நேரமில்லை என்று ஒரே திசையில் ஓட்டி முடித்தேன். மறுநாள் கடப்பாரை ஒரு கேபிளின் உறையைக் கிழித்தது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனாலும் அந்தத் தொழிலாளியின் கை நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து நீளமும் குறுக்குமாக, மீட்டருக்கு ஒரு கோடு. கூடவே கேபிள் லொக்கேட்டரும். மின்சாரம் ஓடும் கேபிளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது பிடிக்கும். கரண்ட் ஓடாத கேபிளில் அதுவும் மௌனம்தான்.

வளைவுகள் வரிசையாக விழுந்த இடங்களை ஸ்ப்ரே பெயின்டால் இணையுங்கள்: கரண்டுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. ஜேசிபி வருவதற்குள் கோட்டின்மேல் சோதனைக் குழி எடுங்கள், மண்வெட்டியால் மட்டும். தெருமண் கறுப்பாக வந்துகொண்டிருக்கும்போது திடீரென சுத்தமான ஆற்றுமணலும் வரிசையாக அடுக்கிய செங்கல்லும் தட்டுப்பட்டால் உடனே நிறுத்துங்கள். கேபிளுக்குக் காப்பாகப் போட்ட செங்கல் அது. இ.பி. ஆட்கள் வந்து லைனை நிறுத்தும்வரை ஒரு கல்லைக்கூட எடுக்க வேண்டாம்.