காசு வாங்குவது ஒருவர், வான் கொண்டு வருவது இன்னொருவர்

வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வரும்போது வான் பிடித்துத் தரச்சொல்லிக் கேட்பது இப்போது குறைந்துவிட்டது. ரொறன்ரோவில் இருந்துகொண்டே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வாகனம் புக் பண்ணிவிடுகிறார்கள். இங்கிருந்து போகிறவர்களும் அப்படித்தான். சிதம்பரம், வேளாங்கண்ணி யாத்திரையோ பாங்கொக், கோலாலம்பூர் சுற்றுலாவோ, இணையத்தில் பார்த்து கார்டில் காசு கட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். வசதியான வழிதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதில் நடக்கிற பிசகுகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் தொடங்குகின்றன. காசு வாங்குகிற தளத்துக்குச் சொந்தமாக ஒரு வானும் இல்லை, ஒரு சாரதியும் இல்லை என்பதை நினைக்காமலே பதிந்துவிடுகிறோம்.

கிளூக், வயேட்டர், கெட்யுவர்கைட் போன்ற சுற்றுலாப் பதிவுத் தளங்கள் இடைத்தரகர்கள். சுற்றுலாவை நடத்துவது வேறொரு நிறுவனம். விமானச்சீட்டு, ஹோட்டல் தளங்களில் வருகிற விமான நிலைய வாகனப் பக்கத்துக்குப் பின்னாலும் பெரும்பாலும் இன்னொரு கம்பனி இருக்கும். அந்தக் கம்பனி கொழும்பில் ஒரு முகவரிடம் கொடுக்கும், முகவர் தனக்குத் தெரிந்த சாரதியிடம் கொடுப்பார். சுற்றுலாத் தளங்களின் தரகு மட்டும் 20 தொடக்கம் 30 வீதம் வரை போவது வழக்கம். மற்றக் கைகளும் எடுத்தது போக மிச்சம்தான் இரவு முழுக்க வாகனம் ஓடுகிற மனிதருக்குப் போகிறது. இது தெரிந்திருந்தால் இரண்டு விஷயம் விளங்கும். விலை அசாதாரணமாகக் குறைவாக இருந்தால் அந்தக் குறைவு யாரோ ஒருவரின் தூக்கத்திலோ வாகனத்தின் டயரிலோதான் பிடிக்கப்படுகிறது. ஏதாவது பிழைத்தால், பொறுப்பை ஒருவர் மற்றவர் மேல் தள்ளிவிடுவதும் சுலபம்.

அதனால் காசு கட்டுவதற்கு முன், பயணத்தை உண்மையில் நடத்துவது யார் என்று பாருங்கள். அநேகமான சுற்றுலாப் பக்கங்களில் அந்தப் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தனியாகத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தளத்துக்குக் கிடைத்த நட்சத்திரங்களை நம்பிப் பதிவதுதான் பலர் செய்கிற தவறு. நட்சத்திரங்கள் முழுத் தளத்துக்கும் சேர்த்துக் கிடைத்தவை. கட்டுநாயக்காவில் இருந்து நீர்கொழும்புக்கு அரை மணித்தியாலத்தில் போய் இறங்கியவர் போட்ட ஐந்து நட்சத்திரம், வன்னிக்கு 300 கிலோமீற்றர் ஓடப்போகிற வாகனத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகப் புதிய கருத்துகளை முதலில் காட்டும்படி மாற்றி, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

அடுத்தது இடம். எங்கள் பக்கத்து முகவரிகள் இந்தத் தளங்களுக்குப் பொருந்துவதில்லை. இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத வீடுகள் நிறைய. 155ஆம் கட்டை என்று சொன்னால் கிளிநொச்சிக்காரர் யாரும் கூட்டிக்கொண்டு போவார்கள், ஆனால் ஒரு செயலிக்கு அது இடமே இல்லை. புதுக்குடியிருப்பு என்று தட்டினால் இன்னும் சிக்கல். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒன்று, மன்னார்த் தீவில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று. பட்டியலில் முதலில் வருவதை அமத்திவிட்டால் வேறு மாகாணத்துக்கே விலை வரலாம். மடு என்று போட்டால் தலைமன்னார்ப் பாதையில் உள்ள மடு வீதி ரயில் நிலையத்தில் குறி விழக்கூடும். மடு மாதா கோவில் அங்கிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் உள்ளே. மன்னாரும் தலைமன்னாரும் அப்படித்தான், இடையில் சுமார் 30 கிலோமீற்றர். இறங்கும் இடத்தை வரைபடத்தில் கையால் குறி வைத்து, அந்தக் குறியின் இணைப்பைக் குறிப்புப் பகுதியில் ஒட்டி, பக்கத்தில் உள்ள கோவில், பள்ளிக்கூடம், சந்தி ஒன்றின் பெயரையும் எழுதுங்கள். வீட்டில் இருக்கிற ஒருவரின் இலங்கை இலக்கத்தையும் கொடுங்கள். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் பல இடங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். சாரதி அந்த நேரம் செயலியை நம்பி நிற்க முடியாது.

திகதிப் பிழைதான் ஆகக் கூடிய செலவு வைப்பது. கட்டுநாயக்காவுக்கு நள்ளிரவு தாண்டி இறங்குகிற விமானங்கள் பல. ஆகஸ்ட் 15 அதிகாலை 12:40க்கு இறங்குகிறவர், ‘14ஆம் திகதி இரவு’ என்ற நினைப்பில் 14 என்று பதிவார். வான் ஒரு நாள் முந்தி வந்து, காத்திருந்து, ஆள் வரவில்லை என்று போய்விடும். காசும் திரும்பாது, ஏனென்றால் தளத்தின் கணக்கில் வராதது பயணிதான். இலவச ரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. 24 மணித்தியாலத்துக்கு முன் என்று போட்டிருந்தால் அது பொதுவாகப் பயணம் தொடங்கும் இடத்து நேரம். 15ஆம் திகதி அதிகாலை 1 மணிக்கு கட்டுநாயக்காவில் ஏறுவதாக இருந்தால், கோடையில் ரொறன்ரோவில் இருப்பவருக்கு அந்தக் கெடு 13ஆம் திகதி பின்னேரம் 3:30க்கே முடிந்துவிடும். விமான இலக்கத்தைக் கட்டாயம் கொடுங்கள். அது இருந்தால்தான் விமானம் பிந்தினாலும் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

விமானம் இறங்கியதும் காத்திருப்பு நேரம் ஓடத் தொடங்கும். பெரும்பாலும் 45 நிமிடமோ ஒரு மணித்தியாலமோ இலவசம், அதற்குமேல் கட்டணம். குடிவரவு வரிசை, பெட்டிகள், அப்புறம் வீட்டுக்கென்று தீர்வையற்ற கடையில் குளிர்சாதனப் பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ வாங்குவது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு மணித்தியாலம் எந்த மூலைக்கு? அப்படி வாங்குகிற எண்ணம் இருந்தால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சாமானும் ஏறவேண்டும் அல்லவா. நான்கு பேருக்கு என்று போட்ட கார், நான்கு பேருக்கும் கைப்பைகளுக்கும்தான். கனடாவில் இருந்து ஆளுக்கு 23 கிலோப் பெட்டி இரண்டு கொண்டுவருகிற குடும்பத்துக்குப் பெரிய வான் வேண்டும். கே.டி.எச். (டொயோட்டா ஹையேஸ்) வான் என்று வாகன வகையையே எழுதிக் கேளுங்கள்.

இனி எனக்கு ஆகப் பெரிய கவலையைச் சொல்கிறேன். இரவு ஓட்டம். கட்டுநாயக்காவில் இருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று கிளிநொச்சிக்கு வந்து சேர ஆறு ஏழு மணித்தியாலம் ஆகும். கிளிநொச்சியில் இருந்தே அனுப்புகிற வான் என்றால் அந்தச் சாரதி அதே தூரத்தைப் பகலில் ஓடித்தான் அங்கே வந்திருப்பார். விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்தினால் அவர் வாகனத் தரிப்பிடத்தில் ஆசனத்தைச் சாய்த்துக் கண்ணயர்வதுதான் தூக்கம். பிறகு விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்கு மதவாச்சி தாண்டி வரும்போது வீதியில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும், சில இடங்களில் யானையும் கடக்கும். பின்னால் பிள்ளைகள் நித்திரை. அந்த நேரத்து விபத்துகளை இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

தளத்தில் இதைக் கேட்பதற்கு ஒரு கட்டமும் கிடையாது. அதனால் பதிந்த பிறகு சாரதியின் அல்லது நடத்துபவரின் இலக்கம் கிடைத்தவுடன் கதையுங்கள். “அண்ணை, பகல் எங்க ஓடினீங்கள்? நித்திரை கொண்டனீங்களோ?” என்று கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. இரண்டு சாரதிகள் வருவதாக இருந்தால் அதற்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். இல்லாவிட்டால் நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்து, படுத்து எழும்பி, காலையில் கிளம்புங்கள். அல்லது வாகனமே வேண்டாம், கொழும்பு போய் வடக்கு ரயிலில் ஏறினால் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்று இறங்கலாம். இந்தியாவில் இருந்து வருகிறவர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தையும் பார்க்கவேண்டும். 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமானது, சென்னையில் இருந்து விமானம் இருக்கிறது. கொழும்பு என்று மட்டும் தேடினால் அது கண்ணிலேயே படாது.

ஊரில் நம்பிக்கையான வான்காரர் ஒருவர் இருந்தால் தளத்துக்குப் போகாமல் முதலிலேயே அவரைக் கேளுங்கள் என்பதுதான் என் எண்ணம். தரகு போகாமல் முழுக் காசும் இங்கேயே நிற்கும், முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் நிறுத்தித் தேங்காய் உடைக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லவும் தேவையில்லை. ஆனால் தளத்தில் பதிந்த பிறகு சாரதி வட்ஸ்அப்பில் வந்து, அதை ரத்துச் செய்துவிட்டு எனக்கு நேரே தாருங்கள் என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். ரத்துச் செய்த நிமிடமே தளத்தின் பொறுப்பு முடிந்துவிடும்.

திருநாட்களில் இன்னும் கவனம் வேண்டும். மடு மாதாவின் ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15, ஆடித் திருவிழா ஜூலை 2. வற்றாப்பளை அம்மன் பொங்கல் வைகாசியில். இவற்றோடு நல்லூர்க் கொடியேற்றமும் சேர்ந்தால் வடக்கில் வான் கிடைக்காது. தளம் மட்டும் இடம் இருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருக்கும். கூடக் காசு தருகிற வாடகை ஓட்டம் வந்தால் உங்களுடைய பதிவு கடைசி நேரத்தில் கைவிடப்படலாம். அந்த நாட்களுக்கு இரண்டு நாள் முந்தி நடத்துபவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

வன்னியைச் சுற்றிப் பார்க்கிற சுற்றுலாக்கள் இந்தத் தளங்களில் குறைவு. இருப்பவையும் யாழ்ப்பாணம் அல்லது அநுராதபுரம் என்ற பெயரின் கீழ்தான் கிடக்கும். படத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில் பூநாரைக் கூட்டம் பார்க்கவேண்டுமானால் ஐப்பசிக்குப் பிறகு பங்குனிக்குள் வரவேண்டும். ஆடியில் அதே படத்தைக் காட்டித்தான் விற்பார்கள். வில்பத்து என்றால் வாசல் எது என்று கேளுங்கள். ஹுனுவிலகம ஒரு பக்கம், எழுவன்குளம் வேறொரு பக்கம். ஜீப் கட்டணத்துக்குள் பூங்கா நுழைவுச்சீட்டு அடங்குமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அந்தச் சீட்டே பெரிய தொகை. இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தங்கள் பழைய காணியை, படித்த பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறவர்கள் இதற்கென்று ஒரு சுற்றுலாவைத் தேடாதீர்கள். அந்தப் பாதைகளைத் தெரிந்த உள்ளூர்ச் சாரதிதான் வேண்டும். மிதிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்கள் இன்னும் உண்டு. சிவப்பு எச்சரிக்கைப் பலகை நிற்கிற பக்கம் வெளியூர்ச் சாரதி வாகனத்தை ஓரம் கட்டிவிட்டால் இறங்கவேண்டாம்.

இங்கிருந்து போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் வாகனம் பதியும்போது தெரிகிற விலைக்கு வெளியே சாரதி பேட்டா (நாள் படி), சுங்கம், தரிப்பிடக் கட்டணம் எல்லாம் நிற்கும். நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீற்றர் என்று கணக்குப் பிடிப்பவர்கள் நிறைய, நீங்கள் நூறுதான் ஓடினாலும் அதற்குக் கட்டவேண்டும். கோவில் சுற்றுலா என்றால் நேர அட்டவணையைப் பாருங்கள். சிதம்பரத்திலும் தஞ்சையிலும் நண்பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள். பகல் ஒரு மணிக்குக் கொண்டுபோய் இறக்குகிற சுற்றுலாவில் கோபுரத்தைத்தான் பார்க்கலாம். பாங்கொக்கில் சுவர்ணபூமி, டொன் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள். கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள். விமானச்சீட்டில் உள்ளதும் வாகனப் பதிவில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

காசு விஷயம். கார்ட் கொடுத்தவர்கள் ஓ.டி.பி. வருகிற சிம்மையும் வெளிநாட்டில் வேலை செய்யும்படி வைத்துக்கொண்டு போகவேண்டும். பதிந்த சில நாளில், உங்கள் கார்டை மறுபடி உறுதிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பதிவு ரத்தாகும் என்று இணைப்போடு செய்தி வந்தால் தொடவேண்டாம். உங்கள் பெயர், திகதி எல்லாம் சரியாகவே இருக்கும். மோசடிக்காரர்கள் நடத்துபவரின் கணக்குக்குள் புகுந்து அனுப்புகிறார்கள். செயலியை நீங்களே திறந்து, அங்கே கட்டச்சொல்லி இருந்தால் மட்டும் கட்டுங்கள். வவுச்சரை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். அதில் நடத்துபவரின் பெயர், அவசர இலக்கம், சந்திக்கும் இடம், கட்டிய தொகை ஆகிய நான்கும் இருக்கவேண்டும். கட்டிய தொகை முழுத்தொகையா முற்பணமா என்பது தெளிவாக இல்லாவிட்டால், இறங்கும்போது சாரதி மிச்சம் கேட்பார், அவர் மேலும் பிழை இராது.

வான் வரவில்லை என்றால் உடனே வேறு வாகனத்தில் ஏறிவிடாதீர்கள். முதலில் நடத்துபவரின் இலக்கத்துக்கு எடுங்கள், பிறகு செயலியின் உதவிப் பகுதியில் எழுதுங்கள். அழைப்புப் பதிவையும், சந்திக்கச் சொன்ன இடத்தில் நேரம் தெரிகிற மாதிரி ஒரு படத்தையும் எடுத்து வைத்திருங்கள். அதற்குப் பிறகு வேறு வாகனம் பிடித்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தளம் காசைத் திருப்ப மறுத்தால் கார்ட் தந்த வங்கியில் அந்தக் கொடுப்பனவை மறுத்து முறைப்பாடு செய்யலாம். அதற்குக் கால எல்லை உண்டு. விடுமுறை முடிந்து திரும்பிப் போய்ப் பார்ப்போம் என்று விடாமல், ஊரில் நிற்கும்போதே வங்கிக்கு எழுதுங்கள்.