புதிய கரையில் மீன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தது – என் அனுபவம்

பழக்கமில்லாத கரையில் முதல் மூன்று நாளும் வெறுங்கையோடுதான் திரும்பினேன். இரையை மாற்றினேன், முள்ளை மாற்றினேன். நின்ற இடத்தை மட்டும் மாற்றவில்லை.

நான்காம் நாள் தூண்டிலை எடுக்காமல், கடல் நன்றாக வற்றிய நேரம் பார்த்து நடந்தேன். அமாவாசையை ஒட்டிய நாள் என்பதால் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக உள்வாங்கியிருந்தது. மறைந்திருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது: மணல் திட்டுகளுக்கு நடுவே ஓடும் பள்ளம், சிப்பி ஒட்டிய பாறைகள், கடற்புல்லின் ஓரம், கழிமுகத்திலிருந்து தண்ணீர் இறங்கும் குறுகிய வாய்க்கால். எல்லாவற்றையும் கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். செயற்கைக்கோள் படத்தில் கருமையாகத் தெரிந்த கோடுகள் பெரும்பாலும் இந்தப் பள்ளங்களே.

எனக்குக் கைகொடுத்தது அந்த வாய்க்கால்தான். வற்றும்போது கழியிலுள்ள பொடிமீனும் இறாலும் அதன் வழியாகத்தான் வெளியே வரும். பெரிய மீன் நடு ஓட்டத்தில் நிற்காது. வாயிலின் பக்கத்தில், ஓட்டம் தணியும் ஓரத்தில் காத்திருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுப்பட்ட நேரத்தில் ஓட்டம் வேகமாக இருக்கும். அப்போது போய், ஓட்டத்தின் மேற்பக்கம் வீசி, இரையை அதன் போக்கில் இறங்கவிட்டேன். அரை மணிக்குள் முதல் மீன்!

மறுநாள் அதே மணிக்குப் போகாதீர்கள். ஏற்றவற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தண்ணீர் ஏறத் தொடங்கினால் திட்டை விட்டு உடனே கரைக்கு வந்துவிடுங்கள். பின்னாலுள்ள பள்ளம்தான் முதலில் நிரம்பும்.