பழைய அமெரிக்கக் கல்லூரி மலர்களைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கல்லூரி ஆண்டுமலர்கள் ஏராளமாக ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பவர்கள், அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுகிறவர்கள், மிஷனரிகளின் பின்னணியைத் தேடுகிறவர்கள் என்று நம்மில் பலர் அவற்றைப் புரட்டுகிறோம். நான் சில வருடங்களாக ஒஹாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியின் மலர்களில் மூழ்கிக் கிடக்கிறேன். சின்ன ஊர், சின்னக் கல்லூரி. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் நாம் தடுக்கி விழ ஓர் இடம் இருக்கிறது. காரணம், சொற்களெல்லாம் நமக்குத் தெரிந்த சொற்களாகவே இருப்பதுதான்.

முதலில் அட்டையில் உள்ள வருடம். 1909 என்று போட்டிருந்தால் 1909இல் நடந்ததைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் பல கல்லூரிகளில் மலரைத் தயாரித்தவர்கள் ஜூனியர்கள், அதாவது மூன்றாம் ஆண்டு மாணவர்கள். அவர்கள் தாங்கள் பட்டம் பெறப்போகும் வருடத்தை அட்டையில் போட்டுக்கொண்டார்கள். ஆக, 1909 மலர் என்பது பெரும்பாலும் 1907-08 கல்வியாண்டின் கதை. சந்தேகம் வந்தால் சீனியர்கள் பக்கத்துக்குப் போங்கள். அட்டையில் 1909 என்றிருக்க, சீனியர் வகுப்பின் தலைப்பில் 1908 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. ஒரு வருடம்தானே என்று விட்டுவிட முடியாது. கட்டி முடிக்காத கட்டடத்தில் உங்கள் கதாநாயகன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான்.

ஜூனியர் என்ற சொல்லே ஒரு பொறி. நமக்கு ஜூனியர் என்றால் நமக்குக் கீழே படிக்கிறவர். அங்கே அது மூன்றாம் ஆண்டு மாணவர் மட்டும். முதலாண்டு ஃபிரெஷ்மன், இரண்டாமாண்டு சோஃபமோர், நான்காமாண்டு சீனியர். அதேபோல ‘கிளாஸ்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘வகுப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். பாதி இடங்களில் அதன் பொருள் நாம் சொல்லும் ‘பேட்ச்’ அல்லது ‘செட்’. ‘கோ-எட்’ என்பது இருபாலரும் படிக்கும் கல்லூரியைக் குறிப்பதைவிட, அங்கே படிக்கும் பெண்ணைக் குறிக்கத்தான் அதிகம் வரும். ‘போர்டிங் கிளப்’ பொழுதுபோக்குச் சங்கம் இல்லை, சாப்பாட்டு மெஸ். மாணவர்கள் பணம் போட்டுச் சேர்ந்து நடத்துவார்கள். கணக்குப் பார்க்கும் மாணவருக்குச் சாப்பாடு இலவசமாகக் கிடைப்பது வழக்கம். ‘கிளாஸ் ரஷ்’ என்பது முதலாண்டும் இரண்டாமாண்டும் ஒரு கொடிக்காகவோ கைத்தடிக்காகவோ சட்டை கிழியக் கட்டிப் புரளும் சண்டை. அதை ராகிங் என்று மொழிபெயர்ப்பது தவறு. ராகிங்கில் ஒருவர் மாட்டிக்கொள்கிறார். இதில் இரண்டு செட்டும் மொத்தமாக மோதுகின்றன.

‘சேப்பல்’ என்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேவாலயம் என்று எழுதினால் கட்டடம் மட்டும்தான் மனதில் வரும். மாணவர்கள் ‘இன்று சேப்பலில்’ என்று எழுதும்போது அவர்கள் பேசுவது நம் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டம் மாதிரியான ஒன்றை. ஜெபம், பாட்டு, கல்லூரித் தலைவரின் பேச்சு, அப்புறம் அறிவிப்புகள். மொத்தக் கல்லூரியும் ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்கும் நேரம் அது. பல கல்லூரிகளில் ஒவ்வொருவருக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். காலியான இடத்தைப் பார்த்தே ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள். ஓபர்லினின் ஃபின்னி சேப்பல் 1908இல் எழுந்தது. அதைக் கோயிலாக மட்டும் பார்த்தால் பாதி வாழ்க்கை கண்ணில் படாமல் போய்விடும்.

அடுத்தது கிரேக்க எழுத்துகள். அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஃபிரட்டர்னிட்டி’ என்ற மாணவர் சகோதரச் சங்கங்கள் கிரேக்க எழுத்துகளைத்தான் பெயராக வைத்துக்கொள்ளும். நானே இதில் விழுந்தேன். ஓபர்லின் மலரில் ‘ஃபை டெல்டா’, ‘ஆல்ஃபா ஸீட்டா’ என்று குழுப் படங்கள் வரும். இளைஞர்கள் வரிசையாகக் கோட் போட்டு நிற்பார்கள். பார்த்த உடனே சகோதரச் சங்கம், ரகசியச் சடங்கு, குடி, கொண்டாட்டம் என்று குறிப்பு எழுதிவிட்டேன். ஓபர்லினில் ரகசியச் சங்கங்களுக்கு அனுமதியே கிடையாது. மது ஒழிப்புக்காக நாட்டையே உலுக்கிய ஆன்டி-சலூன் லீக் 1893இல் பிறந்ததே அந்த ஊரில்தான். அந்தப் படங்களில் நின்றவர்கள் இலக்கியச் சங்கத்தார். கட்டுரை வாசிப்பது, பட்டிமன்றம் மாதிரி வாதிடுவது, ஒருவர் பேச்சை இன்னொருவர் விமரிசிப்பது, இதுதான் அவர்கள் வேலை. பெண்களுக்கும் தனிச் சங்கங்கள் இருந்தன. கிரேக்கப் பெயரைப் பார்த்தால் முதலில் அந்தக் கல்லூரியின் விதி என்ன என்று தேடுங்கள், அப்புறம் பேனாவை எடுங்கள்.

நம் ஊர் அமைப்பை அங்கே கொண்டுபோய் ஒட்டுவது நமக்கே உரிய தவறு. அன்று இங்கே கல்லூரி என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட கல்லூரி. வெளியார் வினாத்தாள், வெளியார் திருத்தம், பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது. அமெரிக்கச் சிறு கல்லூரி தானே பாடம் நடத்தி, தானே தேர்வு வைத்து, தானே பட்டம் கொடுத்தது. பாடம் நடத்துகிறவரே மதிப்பெண் போடுகிறவர். அதனால்தான் மலர்களில் பேராசிரியர்களைப் பற்றி இவ்வளவு கேலியும் பாசமும் கலந்து வருகிறது. இன்னொன்று, ஆண்டறிக்கையில் உள்ள மொத்த மாணவர் எண்ணிக்கையை அப்படியே எடுத்துவிடாதீர்கள். ஓபர்லினில் பட்ட வகுப்போடு இசைப் பள்ளி, இறையியல் பள்ளி, 1916 வரை உயர்நிலைப் பள்ளி போன்ற அகாடமி எல்லாம் ஒரே குடையின் கீழ் இருந்தன. ‘பிரெப்’ என்று வருகிறவன் கல்லூரி மாணவனே இல்லை, அகாடமிப் பையன்.

பணத்தை இன்றைய விலையில் மாற்றாதீர்கள். அன்று ஒரு டாலர் ஏறக்குறைய மூன்று ரூபாய். 1914இல் ஃபோர்டு கம்பெனி தன் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்ததை உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. வருடக் கட்டணத்தை அந்தக் கூலியோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

கல்லூரிக்குப் போனவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் என்பதும் பாதி உண்மைதான். 1900இல் அமெரிக்கா முழுவதும் சேர்த்தே சுமார் 2,38,000 மாணவர்கள். அந்த வயதினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். அவ்வளவு அரிய வாய்ப்பு. ஆனால் சிறு கல்லூரிகளில் விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் போதகர் வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. மெஸ்ஸில் பரிமாறினார்கள், பனியை வாரித் தள்ளினார்கள், ஊர்க்காரர் வீட்டு அடித்தளத்தில் நிலக்கரி அடுப்பைக் காலையும் மாலையும் கவனித்துக்கொண்டு அதற்குப் பதிலாக அந்த வீட்டிலேயே ஓர் அறை வாங்கிக்கொண்டார்கள். விடுதிக் காட்சி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓபர்லினில் ஆண்களுக்கென்று பெரிய விடுதிக் கட்டடம் 1911 வாக்கில்தான் வந்தது. அதுவரை பெரும்பாலான பையன்கள் ஊருக்குள் வாடகை அறைகளில்தான் இருந்தார்கள். பெண்களுக்குத்தான் விடுதி, கூடவே நேரக் கட்டுப்பாடும் மேற்பார்வையும்.

காலம் நேர்க்கோட்டில் முன்னேறுகிறது என்ற எண்ணத்தைத்தான் எல்லாவற்றுக்கும் மேலான தவறாகச் சொல்வேன். ஓபர்லின் 1835லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவெடுத்தது. 1841இல் மூன்று பெண்கள் அங்கே பி.ஏ. பட்டம் பெற்றார்கள். இதைப் படித்துவிட்டு, 1910இல் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. 1884இல் அங்கே பட்டம் பெற்ற கறுப்பினப் பெண் மேரி சர்ச் டெரெல், முப்பது வருடம் கழித்துத் தன் மகள்களுக்கு விடுதியில் நேர்ந்த பாகுபாட்டைக் கண்டு மனம் நொந்து கல்லூரித் தலைவருக்குக் கடிதம் எழுதினார். தாய்க்குக் கிடைத்தது மகள்களுக்குக் கிடைக்கவில்லை. கென்டக்கியில் இன்னும் மோசம். பெரியா கல்லூரியில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் பல ஆண்டுகள் சேர்ந்து படித்தார்கள். 1904இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு அதைத் தடுத்தது; 1908இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றது. கறுப்பின மாணவர்கள் தங்கள் கல்லூரியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1900 மலரில் இருந்த முகங்கள் 1910 மலரில் ஏன் இல்லை என்று கேட்காமல் பக்கத்தைத் திருப்பக் கூடாது.

கால்பந்தையும் இன்றைய கண்ணால் பார்க்காதீர்கள். இது நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் அமெரிக்கக் கால்பந்து. அது தலைக்கவசம் கட்டாயம் இல்லாத காலம். 1905 நவம்பரில் யூனியன் கல்லூரி மாணவர் ஒருவர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். அந்த வருடச் சாவுகள்தான் விதிகளை மாற்றின. பந்தை முன்னால் எறிவது 1906இல் சட்டமானது. சின்னக் கல்லூரி என்றால் சின்ன அணி என்றும் நினைக்க வேண்டாம். 1921 அக்டோபரில் ஓபர்லின், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 7-6 என்று வென்றது. அதே மாதம் கென்டக்கியின் சென்டர் கல்லூரி ஹார்வர்டையே 6-0 என்று சாய்த்தது.

படங்களில் யாரும் சிரிப்பதில்லை. அதனால் இறுகிய மனிதர்கள் என்று முடிவு கட்டுவதும் வேண்டாம். ஸ்டுடியோவில் அப்படி நிற்பதுதான் அன்று மரியாதை. 1900இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி கேமரா வந்தபின் மாணவர்கள் தாங்களே எடுத்த படங்கள் மலர்களின் கடைசிப் பக்கங்களில் நிறைய வரத் தொடங்கின. ஸ்டுடியோப் படத்தில் விறைத்து நிற்பவர்களின் இன்னொரு முகத்தை அங்கே தேடுங்கள்.

ஓபர்லின் மலர்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கல் வளைவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1900இல் சீனாவில் அந்நியருக்கும் கிறிஸ்தவருக்கும் எதிராகக் கிளம்பிய பாக்ஸர் எழுச்சியில் கொல்லப்பட்ட மிஷனரிகளுக்காக 1903இல் எழுப்பியது அது. பார்க்க அலங்கார வளைவு; உண்மையில் நினைவுச் சின்னம். அதில் பொறித்த பெயர்கள் அமெரிக்கர்களுடையவை. அதே எழுச்சியில் இறந்த ஆயிரக்கணக்கான சீனக் கிறிஸ்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை. சீன மாகாணம் ஒன்றின் பெயரைத் தாங்கி 1908இல் தொடங்கிய ஓபர்லின் ஷான்சி அமைப்பின் வேர் இந்தத் துயரத்தில்தான் இருக்கிறது. பின்னாளில் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஓபர்லின் பட்டதாரிகள் கற்பிக்க வந்தது அந்த அமைப்பின் வழியாகத்தான். மதுரையில் அவர்களிடம் ஆங்கிலம் கற்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் அந்த வளைவின் படம் போட்ட தபாலட்டை எதுவும் கிடந்தால், பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.