சந்தா முடியும் நாளை முதலில் எழுதுங்கள்: கோஹாவில் மின்வளங்களைப் பதியும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரில் எங்கள் வாசகசாலை, கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரே அறைதான். நான்கு அலமாரி, ஒரு கணினி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்காரும் மூன்று பேர். புத்தகம் காணாமல் போனால் அலமாரியில் இடைவெளி தெரியும். சந்தா கட்டி எடுத்த இணைய வினாவங்கி அப்படியில்லை. அது காலாவதியானாலும் தெரியாது, தானாகப் புதுப்பித்துக்கொண்டாலும் தெரியாது.

எங்களுக்கு நடந்தது இரண்டாவது. எஸ்பிஎம் எனும் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்காக 480 ரிங்கிட் கட்டியிருந்தோம். வேண்டாம் என்றால் 60 நாள் முன்பே எழுதித் தர வேண்டுமாம். நினைவூட்டல் மின்னஞ்சல், கோலாலம்பூருக்குக் குடிபோய்விட்ட பழைய பொருளாளருக்குப் போயிருக்கிறது. "அண்ணே, மறுபடியும் 480 வெள்ளி வெட்டிட்டாங்க" என்று வங்கிக் கணக்கைப் பார்த்த தங்கச்சி சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் பிள்ளைகள் பரீட்சையே எழுதி முடித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் கோஹாவில் மின்வளப் பகுதியை, அதாவது இப்படிப்பட்ட இணையச் சந்தாக்களைப் பதிந்துவைக்கும் இடத்தை, திறந்தோம். கோஹா ஒரு கட்டற்ற நூலக மென்பொருள். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் 'கோஹா' என்றால் அன்பளிப்பு. மின்வளப் பகுதி 2022 நவம்பரில் வந்த 22.11 பதிப்பில்தான் சேர்ந்தது; உங்களிடம் இருப்பது அதற்கு முந்தையது என்றால் முதலில் பதிப்பை உயர்த்துங்கள். சர்வரில் நிறுவும் வேலை தனிக் கதை, அதை லினக்ஸ் தெரிந்த ஒருவரிடம் விட்டுவிடலாம்.

கணினிக்கு முன் ஒரு தாள்

வாசகசாலையில் இருக்கும் மின்வளங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடம் வாங்கினோம், என்ன விலை, எதுவரை, வேண்டாம் என்று சொல்லக் கடைசி நாள் எது, வீட்டிலிருந்து பார்க்கலாமா, கடவுச்சொல் யார் கையில். கடைசிக் கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில், திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுச் சீட்டு.

பகுதியைத் திறப்பது

அட்மினிஸ்ட்ரேஷனில் சிஸ்டம் பிரிஃபரன்சஸ் போய், ஈஆர்எம்மாட்யூல் என்று தேடி, எனேபிள் செய்து சேமியுங்கள். முகப்பில் இ-ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்ற புதிய பட்டன் வரும். வரவில்லை என்றால் உங்கள் கணக்குக்கு அந்த அனுமதி இல்லை என்று பொருள். விற்றவரின் விவரத்தை அக்விசிஷன்ஸ் பகுதியில் வெண்டராகச் சேர்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

லைசென்ஸ் வேறு, அக்ரிமென்ட் வேறு

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, உள்வாடகைக்கு விடக் கூடாது என்பதெல்லாம் லைசென்ஸ். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை குடியிருக்கிறோம் என்பது அக்ரிமென்ட். முதலில் லைசென்ஸை உருவாக்கி, எத்தனை பேர் பார்க்கலாம், அச்செடுக்கலாமா என்பதை விளக்கப் பெட்டியில் தமிழிலேயே எழுதிவையுங்கள். பிறகு அக்ரிமென்ட்டை உருவாக்கி அந்த லைசென்ஸை அதனுடன் இணையுங்கள்.

அக்ரிமென்ட்டில் பீரியட்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. தொடங்கும் நாள், முடியும் நாள், அவற்றோடு கேன்சலேஷன் டெட்லைன். என்னைக் கேட்டால் மொத்த மென்பொருளில் இந்தப் பெட்டிக்குத்தான் மதிப்பு அதிகம். சந்தா 2026 டிசம்பர் 31-இல் முடிகிறது, 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றால் கடைசி நாள் நவம்பர் 1. அடுத்த ஞாயிறு, நவம்பர் 8, தீபாவளி. அந்த நேரத்தில் வாசகசாலைப் பக்கம் யார் எட்டிப் பார்ப்பார்கள்? அதனால் பெட்டியில் உண்மையான தேதியைப் போட்டு, குறிப்பில் "அக்டோபர் 18 கூட்டத்தில் முடிவெடுக்க" என்று எழுதினோம். அதே நாளைக் கைப்பேசி நாள்காட்டியிலும் போட்டோம். யூசர்ஸ் பிரிவில் இரண்டு பேரைச் சேருங்கள். ஒருவர் ஊர் மாறினாலும் இன்னொருவர் இருப்பார்.

பேக்கேஜும் தலைப்பும்

இ-ஹோல்டிங்ஸில் லோக்கல் என்பதன் கீழ் பேக்கேஜ் (சேர்ந்து வரும் தலைப்புகளின் தொகுப்பு) உருவாக்கி அக்ரிமென்ட்டுடன் இணைத்து, அதற்குள் தலைப்புகளைச் சேருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் விற்றவரிடம் கேபார்ட் கோப்பு கேளுங்கள். தலைப்பு, இணைய முகவரி, எந்த ஆண்டிலிருந்து எதுவரை என்பதை ஒரே வரிசையில் தரும் பொது வடிவம் அது. பத்துப் பதினைந்து என்றால் கையாலேயே தட்டிவிடலாம். நூற்பட்டியலில் பதிவு உருவாக்கும் பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். விட்டுவிட்டால் வாசகர் தேடும்போது ஒன்றும் வராது.

இலவச வளங்களுக்கும் ஒரு பேக்கேஜ் போடுங்கள். தமிழ் இலக்கியங்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம், பழைய நாளிதழ்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி. 1948 ஜூன் 16-இல் நம் ஊர்த் தோட்டங்களில் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் வந்த கதையை, அப்போதைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் எப்படி எழுதியது என்று பார்க்க ஒரு பெரியவர் மாதாமாதம் வருகிறார். அந்த முகவரி நூற்பட்டியலில் இருப்பதால் இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை.

யார் பார்த்தார்கள்?

பெரிய நிறுவனங்கள் கவுன்டர் என்ற பொது முறையில் பயன்பாட்டுக் கணக்குத் தரும். உங்களுக்குக் கிடைக்காவிட்டால் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 480 ரிங்கிட் கட்டி ஆண்டுக்கு 32 முறைதான் பார்த்தார்கள் என்றால் ஒரு தடவைக்கு 15 ரிங்கிட். அந்தக் காசுக்கு வினாத்தொகுப்புப் புத்தகமே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் அக்ரிமென்ட்டை அழிக்காதீர்கள். நிலையை குளோஸ்டு என்று மாற்றி, காரணத்தில் கேன்சல்டு போட்டு, நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் வந்த பதிலையும் டாக்குமென்ட்ஸ் பிரிவில் ஏற்றிவிடுங்கள். எங்கள் வினாவங்கி இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. மஞ்சள் துண்டுச் சீட்டையும் கிழித்தாயிற்று.