பிள்ளையின் கைபேசிக்குள் தீவிரவாதக் குழு: வேலூர்ப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

வேலூர்க் கோட்டையின் ஒரே மதிலுக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் தேவாலயமும் நிற்கின்றன. இவ்வூர்ப் பிள்ளைகள் பிற சமயத்தவரோடு பழகியே வளர்கிறார்கள். மதத்தீவிரவாதக் குழு, அது எம்மதத்தின் பெயரைச் சொன்னாலும், முதலில் அறுக்க முனைவது அந்தப் பழக்கத்தைத்தான். ஆகவே பிள்ளை யாரை விட்டு விலகுகிறான் என்பதை முதலில் கவனியுங்கள்.

காட்பாடியில் அறை எடுத்துப் படிக்கும் மாணவனுக்கு முதல் அழைப்பு பெரும்பாலும் வெறுப்புப் பேச்சாக வராது; பக்திப் பாடல், இரத்ததானம், வேலைவாய்ப்புச் செய்தி என்று யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ வரும். அங்கே ஆர்வம் காட்டியவருக்குத் தனிச்செய்தி, பிறகு வாட்ஸ்அப் குழு, அதில் பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும் டெலிகிராம் என்று வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். வாட்ஸ்அப் குழுவிலும் டெலிகிராம் சேனலிலும் நிர்வாகி மட்டுமே பதிவிடும்படி அமைத்துக்கொள்ள முடியும் என்பதால், அங்கே மறுத்துப் பேச ஆளே இருக்காது. ஒரு தளத்தில் முடக்கினால் வேறொன்றுக்குப் போவார்கள். ட்விட்டர் கணக்குகள் தொடர்ந்து முடக்கப்பட்டபோது ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற பயங்கரவாத அமைப்பு 2015 வாக்கில் டெலிகிராமுக்கு மாறியது.

"இதை வீட்டில் காட்டாதே, அவர்களுக்குப் புரியாது." இந்த ஒரு வரி கண்ணில் பட்டால் அலட்சியம் செய்யாதீர்கள். சந்தேகம் கேட்டவரைத் துரோகி என்று குழுவிலிருந்து நீக்குவதும், செய்திகள் தாமாக அழியும்படி வைப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. பக்கத்து வீட்டிலிருந்து வரும் பெருநாள் பிரியாணியையோ பொங்கலையோ விரும்பி உண்டவன் திடீரென மறுத்தால், காரணத்தை நிதானமாகக் கேளுங்கள். வழிபாட்டில் ஈடுபாடு கூடுவதை மட்டும் வைத்து எந்தப் பிள்ளையையும் சந்தேகிக்கக் கூடாது. அது பெரிய அநியாயம்.

கைபேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால், வீட்டார் பகைவர்கள் என்று குழு சொல்லிவந்ததற்கு நீங்களே சாட்சியாகிவிடுவீர்கள். அந்தக் குழுவில் அவனுக்குக் கிடைத்தது மரியாதையா, துணையா, கோபத்துக்கு வடிகாலா என்று கேட்டறிந்து, அதை வெளியே தரக்கூடிய தாய்மாமனையோ, பழைய நண்பனையோ, அவன் மதிக்கும் சொந்தச் சமயப் பெரியவரையோ பேச வையுங்கள். மனம் குழம்பியிருந்தால் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் ஆலோசனை பெறலாம்.

வன்முறைக்கோ, பணத்துக்கோ, ரகசியப் பயணத்துக்கோ அழைப்பு வந்திருந்தால், குழுவை விட்டு வெளியேறுமுன் அனுப்பியவரின் எண், தேதி, இணைப்பு ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறு யாருக்கும் பகிராமல், சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். உடனடி ஆபத்து எனில் 112-ஐ அழையுங்கள்.