எகிப்திய வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய எகிப்தைப் பற்றித் தமிழில் எழுதப் புதிதாகப் பலர் வருகிறார்கள். பிரமிடை வேற்றுக்கிரகவாசிகள் கட்டவில்லை என்பது அவர்களுக்கே தெரியும், அதை இங்கே விளக்க வேண்டியதில்லை. நன்றாகப் படித்துவிட்டு எழுதுபவர்களும் சறுக்கும் இடங்கள் வேறு.

ஆண்டுக் கணக்குகளைக் கலப்பது

இரண்டாம் ராம்செஸ் கி.மு. 1290இல் பட்டத்துக்கு வந்தார், கி.மு. 1274இல் காதேஷில் ஹிட்டைட்டுகளோடு போரிட்டார். ஒரே பத்தியில் இப்படி எழுதியிருப்பார்கள். இரண்டு எண்ணும் நல்ல நூல்களில் உள்ளவைதான். ஆனால் அந்தப் போர் தன் 5ஆம் ஆட்சியாண்டில் நடந்ததாக ராம்செஸே கோயில் சுவர்களில் பொறிக்க வைத்திருக்கிறார். 1290இலிருந்து 1274ஐக் கழித்தால் 16 வருகிறது. அவர் பட்டமேறிய ஆண்டுக்கு 1304, 1290, 1279 என மூன்று கணக்குகள் உண்டு. 1274 என்பது 1279ஓடு மட்டுமே பொருந்தும். ஒரு நூலில் பாதியும் இன்னொரு நூலில் மீதியும் எடுத்ததால் வந்த வினை இது. ஒரு கழித்தல் போட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். யாரும் போடுவதில்லை, அடுத்து எழுதுபவர் அதையே எடுத்து ஆள்கிறார். இத்தனை ஆண்டுகளாகியும் இது ஓயவில்லை என்பதுதான் எரிச்சல்.

மூன்று கணக்குகள் ஏன் வந்தன? எகிப்தியர்களிடம் தொடர்ந்து ஓடும் ஆண்டு வரிசை கிடையாது. ஒவ்வொரு மன்னருக்கும் ஆண்டு 1இலிருந்துதான் தொடங்கும். அதைக் கி.மு. ஆண்டாக மாற்ற வானியல் குறிப்பு வேண்டும். எபர்ஸ் பாப்பிரஸ் என்ற பழைய நாணல்தாள் ஏடு, முதலாம் அமென்ஹோடெப் மன்னரின் 9ஆம் ஆண்டில் சிரியஸ் விண்மீன் அந்த ஆண்டின் முதன்முறையாக விடியலில் தோன்றிய நாளைச் சொல்கிறது. அவர்களுடைய நாட்காட்டியில் ஆண்டுக்குச் சரியாக 365 நாட்கள்தான். எனவே நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அந்த விடியல் நாட்காட்டியில் நகரும், சுற்று முடிய 1460 ஆண்டுகள் ஆகும். நகர்ந்த நாட்களை எண்ணி ஆண்டைப் பிடிக்கலாம். சிக்கல் என்னவென்றால், விண்மீனை வடக்கே மெம்ஃபிஸில் நின்று பார்த்தார்களா, தெற்கே தீப்ஸில் நின்று பார்த்தார்களா என்பது பாப்பிரஸில் இல்லை. இடம் மாறினால் விடை சுமார் 20 ஆண்டு மாறும்.

பெரிய பிரமிடுகள் எழுந்த பழைய அரசு காலத்தில் நிலைமை இன்னும் மோசம். அப்போது ஆண்டைக் கால்நடைக் கணக்கெடுப்பை வைத்துக் குறித்தார்கள். செங்கடல் ஓரத்து வாடி அல்-ஜார்ஃபில் 2013இல் கிடைத்த பாப்பிரஸ்களில், துராவிலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சென்ற மெரர் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு இருக்கிறது. அந்தத் தொகுப்பில், கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய மன்னர் குஃபுவின் 13ஆம் கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு குறிப்பிடப்படுகிறது. இரண்டாண்டுக்கு ஒரு கணக்கெடுப்பு என்றால் அது ஆட்சியின் 26 அல்லது 27ஆம் ஆண்டு. ஆனால் மன்னர்களின் ஆண்டுக் குறிப்புகள் பொறித்த பலெர்மோ கல்லைப் பார்த்தால், குஃபுவின் தந்தை ஸ்னெஃப்ருவின் 7ஆம் 8ஆம் கணக்கெடுப்புகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வருகின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் பெருக்கக் கூடாது.

கல்வெட்டில் தெளிவாக எண் இருந்தாலும் ஏமாறலாம். மெஸ் என்பவரின் வழக்கு ஆவணம் ஹோரெம்ஹெப் மன்னரின் 59ஆம் ஆண்டைச் சொல்கிறது. அதைப் பார்த்து 59 ஆண்டு ஆண்டார் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அக்னாதென் முதல் ஆய் வரை அவருக்கு முன் ஆண்ட மன்னர்களைப் பிற்காலத்தவர் பட்டியலிலிருந்து நீக்கி, அவர்களுடைய ஆண்டுகளை ஹோரெம்ஹெப்பின் கணக்கில் சேர்த்தார்கள். அவர் கல்லறையில் கிடைத்த மதுச்சாடிக் குறிப்புகளோ 14ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன.

செய்ய வேண்டியது இதுதான். மூலத்தில் உள்ள ஆட்சியாண்டை முதலில் எழுதுங்கள். கி.மு. ஆண்டுகளை ஒரே ஒரு அட்டவணையிலிருந்து மட்டும் எடுங்கள், எது என்பதைக் கட்டுரைத் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். கி.மு. 664க்கு முந்தைய ஆண்டுகளுக்குச் 'சுமார்' போடுங்கள். முடித்த பின் ஒவ்வொரு ஜோடி எண்ணையும் கழித்துப் பாருங்கள்.

வம்சங்களை வரிசையாகக் கூட்டுவது

வம்ச எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும் ஆட்சிகள் அப்படி வரவில்லை. வடக்கே அவாரிஸ் நகரில், மேற்காசியாவிலிருந்து வந்த ஹிக்ஸோஸ்களின் 15ஆம் வம்சம் ஆண்டபோதே தெற்கே தீப்ஸில் 17ஆம் வம்சமும் இருந்தது. 22 முதல் 25 வரை உள்ள வம்சங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஆட்சிக் காலங்களை அப்படியே கூட்டினால் வரலாறு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நீண்டுவிடும்.

பிரமிடும் அடிமைகளும்

பிரமிடை அடிமைகள் கட்டினார்கள் என்ற வரி இன்னும் வருகிறது. கீசாவில் தொழிலாளர் குடியிருப்பும், அடுமனைகளும், பிரமிடுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கான கல்லறைகளும் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டன. அந்த வரியை நீக்குங்கள்.

70 நாள் உப்பில் ஊறிய உடல்

70 நாள் என்பது உடலை மம்மியாக்கும் முழுச் சடங்குக்கும் சேர்த்து. நேட்ரான் உப்பில் உடல் கிடந்தது சுமார் 40 நாள், மிச்ச நாட்கள் எண்ணெய் பூசவும் துணி சுற்றவும். 'ஊறிய' என்பதும் தவறு. உலர்ந்த நேட்ரானை உள்ளே அடைத்து மேலேயும் குவிப்பார்கள், அது ஈரத்தை உறிஞ்சிவிடும். கரைசலில் போட்டால் உடல் காயவே காயாது. நுரையீரல், ஈரல், வயிறு, குடல் நான்கையும் எடுப்பார்கள், இதயத்தை உள்ளேயே விட்டுவைப்பதுதான் வழக்கம்.

தமிழ் எழுத்து கிடைத்தது, ஆகவே பிரமிடு காலத்திலேயே தமிழர்

செங்கடல் துறைமுகங்களான பெரெனிகே, குசெய்ர் அல்-கதீம் இரண்டிலும் தமிழ்-பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்தது உண்மை. குசெய்ர் ஓடுகளில் 'கண்ணன்', 'சாதன்' என்ற பெயர்களையும் 'பானை ஒறி' (பானை தொங்கவிடும் உறி) என்ற சொல்லையும் படித்திருக்கிறார்கள். பெரெனிகேயில் ஒரு கோயிலின் உள்ளே இந்தியச் சாடி நிறைய 7.5 கிலோ மிளகும் இருந்தது. இவை எல்லாமே ரோமர் ஆட்சிக் காலத்தவை. குஃபுவுக்கும் இவற்றுக்கும் இடையே 2500 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இந்த ஓடுகளைக் குறிப்பிடும்போது துறைமுகத்தின் பெயரையும் நூற்றாண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.