மண்வெட்டிக் காயம் ஆறும் வரை: கலங்களின் வேலையும் நம் பராமரிப்பும்

காலபோகத்துக்கு வரம்பு கட்டும் நாள்களில் மண்வெட்டி பாதத்தில் பட்டுவிடுவது வன்னியில் புதினமில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் புதிய இழையத்தைக் கட்டுபவை சுற்றியுள்ள கலங்களே. மருந்தும் கட்டும் அவற்றுக்கு இடைஞ்சல் வராமல் காப்பதற்கே உள்ளன.

முதலில் துப்புரவான துணியைக் காயத்தின் மேல் வைத்து, இடையிடையே தூக்கிப் பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொண்டு, பைபிரின் என்னும் புரத இழைகள் வலையாகப் பின்னி வாயை அடைக்க அந்த நேரம் வேண்டும். தூக்கினால் வலை அறுந்துவிடும். குருதி நின்றதும் கொதித்தாறிய நீரைத் தாராளமாக ஊற்றிச் சேற்றைக் கழுவுங்கள். வாய்க்கால் நீர் வேண்டாம். கோப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை எதையும் அப்பாதீர்கள். கலக்காத டெட்டோலும் ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்து, தோலைக் கட்டவேண்டிய கலங்களையும் கொன்றுவிடும். ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் மண்ணிலும் மாட்டுச்சாணத்திலும் இருப்பதால், காயம் சிறிதானாலும் வைத்தியசாலைக்குப் போய்த் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். சேறு புகுந்த ஆழமான காயத்தை வைத்தியர் உடனே தைக்காமல் சில நாள் திறந்து வைப்பதும் உண்டு. அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

அடுத்த மூன்று, நான்கு நாள்களுக்கு ஓரம் சிவந்து, சற்று வீங்கி, சூடாக இருக்கும். வெண்குழியங்கள் கிருமிகளையும் இறந்த கலங்களையும் விழுங்கித் துப்புரவாக்குவதோடு, இழையம் கட்டும் கலங்களை இரசாயனச் சைகை அனுப்பி அழைப்பதும் இப்போதுதான். சிவப்பு மேலே படர்ந்தாலோ, சீழ் நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டில் இருக்கக் கூடாது.

அதன்பின் கட்டை அவிழ்க்கும்போது, காயத்தின் தரை ஈரமாக, செந்நிறமாக, மணிமணியாகத் தெரியும். பலர் இதைக் கண்டு புண் அழுகுகிறது என்று பயந்து உரசிக் கழுவுகிறார்கள். அவை புதிதாக முளைத்த குருதி மயிர்க்குழாய்களும், அவற்றிடையே தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் நார்களை நெய்துகொண்டிருக்கும் கலங்களுமாகும். தொட்டாலே குருதி கசியும் அளவுக்கு மென்மையானவை. கட்டுத் துணி ஒட்டியிருந்தால் கொதித்தாறிய நீரால் நனைத்து, ஊறிய பின் மெல்ல எடுங்கள். ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பு ஏடு ஒன்று உள்நோக்கி வருவதையும் கவனிக்கலாம். அது மேற்றோல் கலங்கள் ஊர்ந்து வருவது. காற்றுப்பட விட்டால் கெதியாய் ஆறும் என்று ஊரில் சொல்வதுண்டு. ஆனால் பொருக்குத் தட்டிய காயத்தில் அக்கலங்கள் பொருக்கின் அடியால் வழி தேடிப் போகவேண்டியிருப்பதால் சுணங்குகின்றன. ஈரம் காத்து மூடிய காயத்தில் மேற்றோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாக மூடுவதை ஆய்வாளர் ஜோர்ஜ் வின்டர் 1962இல் பன்றித் தோலில் காட்டினார். ஆகவே மூடியே வையுங்கள்; நனைந்த அல்லது அழுக்கான கட்டை மட்டும் உடனே மாற்றுங்கள்.

கொலாஜன் ஒரு புரதம். அதை உறுதியாக முறுக்க விற்றமின் சி வேண்டும். புண்ணுக்கு மீனும் முட்டையும் ஆகாது என்ற பத்தியம், கட்டுமானப் பொருள் தேவைப்படும் வேளையில் அதை மறிக்கிறது. குளத்து மீன், முட்டை, பயறு, கௌபி எல்லாம் உண்ணலாம். கொய்யாவும் நெல்லியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீடியும் சுருட்டும் குருதிக்குழாய்களைச் சுருக்கி ஒட்சிசனைக் குறைப்பவை. நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் நோ தெரியாமலே புண் பெருகக்கூடும். அவர் நாள்தோறும் கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்று வாரத்தில் தோல் மூடியிருந்தாலும் அந்த இடத்தின் உறுதி பழைய தோலின் மூன்றிலொன்றைக்கூட எட்டியிராது. மாதக்கணக்கில் நார்கள் திருத்தி அடுக்கப்பட்ட பின்பும் ஏறத்தாழ எண்பது வீதத்துக்கு மேல் போகாது. தோல் முழுவதும் மூடும்வரை சேற்றில் இறங்காதீர்கள், ஏனெனில் எலிக்காய்ச்சல் கிருமி திறந்த காயத்தின் வழியே எளிதில் புகும். இறங்காமல் தீராது என்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.